'தீங்கற்றது' என்றால் என்ன?
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விஞ்ஞான வகுப்பில் பல்லின் படம் வரைந்து, அதன் வெளிப்படைக்கு 'மிளிரி' என்று பெயர் குறித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று புள்ளிக்காகப் பாடமாக்கிய அந்த மிளிரியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம்.

பல் உருவாகும்போது மிளிரியை ஆக்குவதற்கென்று சில கலங்கள் தோன்றுகின்றன. வேலை முடிந்ததும் அவை மறைந்துவிடும். ஆனாலும் பல்லை ஆக்கிய இழையத்தின் சில எச்சங்கள் தாடைக்குள் தங்கிவிடுவதுண்டு. இவ்வகைக் கலங்களிலிருந்து எழும் ஒரு கட்டியின் பெயர் அமெலோபிளாஸ்டோமா. அரிதான கட்டிதான். ஏறத்தாழ ஐந்தில் நான்கு கீழ்த்தாடையில், பெரும்பாலும் கடைவாய்ப் பற்களின் பக்கத்தில் வரும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளினிக்குக்கு ஓர் ஆசிரியை வந்தார். வயது 38. ஒரு பக்கக் கன்னம் பருத்திருந்தது. வலியில்லை. "சோதினை முடியட்டும், லீவு வரட்டும்" என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தார். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வந்தார். எக்ஸ்ரேயில் தாடையென்பு சவர்க்கார நுரைபோல அறை அறையாகத் தெரிந்தது. சிறு துண்டு எடுத்துச் சோதித்தோம். "புற்றுநோய் இல்லை, தீங்கற்ற கட்டி" என்றோம். அவர் கண்கலங்கிச் சிரித்தார். அடுத்து, தாடையின் ஒரு பகுதியை அகற்ற வேண்டும் என்றோம்.

"புற்றுநோய் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், டொக்டர். பிறகேன் தாடையை வெட்ட வேணும்?"

பிழை எங்களுடையது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அதன் மறுபாதியைச் சொல்லாமல் விட்டிருந்தோம்.

தீங்கற்றது என்றால், பொதுவாக உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாது என்பதே பொருள். மிக அரிதாக நுரையீரலுக்குச் செல்வதுண்டு. ஆனால் இருக்கும் இடத்தில் இது சாதுவாக இருப்பதில்லை. என்பைக் கரைக்கும் நமது சொந்தக் கலங்களையே தூண்டிவிட்டு, தனக்கு இடம் எடுத்துக்கொள்கிறது. என்பின் பஞ்சு போன்ற உட்பகுதிக்குள் விரல் நீட்டுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எல்லை அதன் உண்மையான எல்லை அல்ல.

தோட்டத்துக் கோரையை மேலால் செதுக்கினால் என்ன நடக்கும்? கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். மழைக்கு மீண்டும் முளைக்கும். வழமையான வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவை திரும்பி வருகின்றன, சில 10 வருடங்களுக்குப் பிறகும். அதனால்தான் சுற்றியுள்ள நல்ல என்பையும் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை சேர்த்து எடுக்கிறோம்.

2014இல் வெளிவந்த ஆய்வுகள், கீழ்த்தாடைக் கட்டிகள் பலவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டின. அதை அடக்கும் மருந்துகள் சிலருக்குக் கட்டியைச் சுருக்கியுள்ளன. ஆயினும் இன்றும் சத்திரசிகிச்சையே பிரதான வழி.

இதையெல்லாம் ஆறுதலாகச் சொன்ன பிறகுதான் அவருடைய உண்மையான பயம் வெளியே வந்தது. "பிள்ளையளுக்கு முன்னால நிண்டு படிப்பிக்க ஏலுமோ?" ஒரு மாதம் கழித்து, தமக்கையோடு வந்து சம்மதித்தார். காலின் மெல்லிய வெளிப்புற என்பை எடுத்துத் தாடையாக அமைத்தார்கள். இன்று படிப்பிக்கிறார். கீழுதட்டின் ஒரு பக்கம் மரத்தே இருக்கிறது. அந்த நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பே வந்திருந்தால் இழப்புக் குறைந்திருக்கலாம்.

தாடை வீக்கங்கள் எல்லாம் இதுவல்ல. பல பற்தொற்றினாலும் நீர்க்கட்டிகளாலும் வருபவை. ஆனால் வலியில்லாத வீக்கம், காரணமின்றி ஆடும் பல், பல் பிடுங்கிய பின் ஆறாத புண் ஆகியவற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்கள், லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ குடிபெயர்ந்தாலும் சோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். வருடாந்தப் பரிசோதனையை விடாதீர்கள்.

விளங்காவிட்டால் கையுயர்த்திக் கேள் என்று நம்மைப் பழக்கிய பள்ளிக்கூடம் இது. வைத்தியரிடமும் கேளுங்கள்: "தீங்கற்றது என்கிறீர்கள், விட்டுவைத்தால் என்ன செய்யும்?" அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எங்கள் கடமை.