எண்ணப்படும் தலைகளும் எண்ணப்படாத குரல்களும்

(ஒரத்தநாட்டில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் நடவுக்குப் போற சனத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். நாம் அதில் ஓட்டுப் போடுவதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடுகிறார்கள். ஆனால் எம்.எல்.ஏ. போடும் ஓட்டின் எடை நம்ம தலைகளை எண்ணித்தான் போடப்படுகிறது.

1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு வரும். உத்தரப் பிரதேசத்தில் 208. தமிழ்நாட்டில் 176. சிக்கிமில் 7. நம்ம 234 பேருக்கும் சேர்த்து 41,184. தஞ்சை மாவட்டத்தின் 8 தொகுதிக்கு 1,408. இந்தக் கணக்கில் குடியானத் தெருத் தலையும் சேரித் தலையும் ஒண்ணுதான். தலை எண்ணியாச்சு. குரல்?

மாநிலங்கள் ஓட்டுப் போட்ட வரலாற்றைப் பாருங்கள். 1997 ஜூலை 14 தேர்தலில் கே.ஆர். நாராயணனை சிவசேனை தவிர பெரிய கட்சிகள் எல்லாமே ஆதரித்தன. அவருக்கு 9,56,290, எதிர்த்த டி.என். சேஷனுக்கு 50,631. காஷ்மீர் முதல் குமரி வரை ஒருமித்த தீர்ப்பு என்றார்கள். அதற்கு இரண்டே வாரம் முன்பு, ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். டெல்லியில் தலித் தலைவராகலாம், மேலவளவில் ஆகக்கூடாது!

நாற்காலி வீண் என்று சொல்ல வரவில்லை. உ.பி. அரசைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையை அதே ஆண்டு அக்டோபரில் திருப்பி அனுப்பியவர் நாராயணன். கேள்வி, ஓட்டு எதன் பேரில் விழுகிறது என்பதே.

2007இல் பா.ஜ.க. கூட்டணியில் இருந்துகொண்டே சிவசேனை பிரதிபா பாட்டீலுக்குப் போட்டது, மராட்டியர் என்று. 2012இல் பழங்குடியினரான சங்மாவை அ.தி.மு.க.வும் ஒடிசாவின் பிஜு ஜனதா தளமும் ஆதரித்தன; தி.மு.க. பிரணாப் பக்கம். 2017இல் ராம்நாத் கோவிந்த், மீரா குமார் இருவருமே தலித்துகள். அ.தி.மு.க. அவருக்கு, தி.மு.க. இவருக்கு. பீகாரில் காங்கிரசோடு ஆட்சியில் இருந்த நிதிஷ் குமார், தன் மாநில ஆளுநராக இருந்த கோவிந்துக்குப் போட்டார். 2022இல் ஜார்க்கண்டில் காங்கிரசோடு ஆண்ட முக்தி மோர்ச்சா, திரௌபதி முர்முவை ஆதரித்தது. கேரளத்தில் அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு.

மண்ணின் பாசம், டெல்லியோடு உறவு, கூட்டணி — இவைதான் ஓட்டைத் தீர்மானித்திருக்கின்றன. சேரியைக் கேட்டுப் போட்ட மாநிலம் எது?

இன்னொன்று கவனியுங்கள். இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு கிடையாது. ஓட்டு ரகசியம். மாற்றிப் போட்டாலும் பதவி போகாது. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி 44. (அந்த எண் நம்ம மண்ணுக்கு 1968 டிசம்பர் 25ஐ, வெண்மணியை, நினைவூட்டும்.) 44 பேரின் மதிப்பு 7,744. சிக்கிம் சட்டமன்றம் முழுக்கச் சேர்ந்தாலும் 224தான்! இவ்வளவு எடை கையில் இருந்தும் கட்சித் தலைமை காட்டிய பக்கமே போவது ஏன்?

கோழைத்தனம் என்று திட்டி ஆவதில்லை. 1932 பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது வேர். அண்ணல் அம்பேத்கர் கேட்டது, நம்மவரை நாமே தேர்ந்தெடுக்கும் தனி ஓட்டும், பொதுத்தொகுதியில் இன்னொரு ஓட்டும். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பின் கிடைத்தது தனித்தொகுதி. நிற்பவர் நம்மவர், ஜெயிக்க வைப்பது ஊரின் ஓட்டும் கட்சியின் சீட்டும். சீட்டுக் கொடுத்தவருக்கு அவர் பதில் சொல்வார். நமக்கு ஏன் சொல்லணும்?

சொல்ல வைக்கணும். தஞ்சை மாவட்டத்தில் தனித்தொகுதி ஒன்றே ஒன்று, திருவிடைமருதூர். பக்கத்தில் திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி. அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027இல். அதற்கு முன் மாணவர்கள் கூட்டமாகப் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: “ஐயா, எங்க தலையை எண்ணி வந்த இந்த 176ஐ யாரைக் கேட்டுப் போடப் போறீங்க?”

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியோடு ஊருக்குத் திரும்பி வந்து, சேரியில் சொல்லுங்கள்.