கருஞ்சீரகமும் நித்தியகல்யாணியும்

(டிரஸ்டின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களை நான்தான் படிக்கிறேன். புற்றுநோய் மனுக்கள் சிலவற்றில், முதல் ஸ்கேனுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் நடுவே ஐந்தாறு மாதம் இடைவெளி இருக்கும். "இத்தனை மாசம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், "கருஞ்சீரக எண்ணெய் குடிச்சோம் பாய்" என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் லாத்தாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது அந்த எண்ணெயை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். மதரஸாவில் ஓதியவன், காலேஜிலும் படித்தவன், தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் எலும்புக்குப் பரவியிருந்தது.

கருஞ்சீரகத்தில் ஷிஃபா இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னதில் நமக்குச் சந்தேகம் கிடையாது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் அவர்கள்தான். நான் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டேன்.

கருஞ்சீரகம் புற்றுநோய் பரவுவதைத் தடுப்பது நிரூபணமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நடந்தது என்ன? கண்ணாடித் தட்டில் புற்றுநோய் செல்களை வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறி, கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் என்ற பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கோட்டைத் தாண்டி செல்கள் நகரும் வேகம் குறைந்தது. எலிகளிலும் சோதித்திருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் மனித உடம்பு கண்ணாடித் தட்டு அல்ல. கட்டியிலிருந்து கழன்ற செல் ரத்தத்தில் கலந்து நுரையீரல், ஈரல், எலும்பு என்று போய்க் குடியேறுகிறது. நாம் குடிக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் அதை வழிமறித்ததாக மனிதர்களிடம் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. புற்றுநோயில் உயிர் போவது பெரும்பாலும் இப்படிப் பரவுவதால்தான்.

அப்படியானால் செடியில் மருந்தே இல்லையா? இருக்கிறது. மையவாடி ஓரத்தில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். சர்க்கரைக்கு நல்லதென்று அதை மெல்லுகிறவர்கள் உண்டு. 1950களில் கனடாவிலும் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் துப்பைப் பிடித்துப் போய் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அந்த ஊசி போடுகிறார்கள். மில்லிகிராம் கணக்கில், ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுவார்கள். அளவு தவறினால் ஆளையே கொல்லும். (இதைக் கேட்டுவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் வைக்காதீர்கள். அது விஷச்செடி.)

சிகிச்சையின்போது எண்ணெயோ சூரணமோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கூட்டிக் குறைத்துவிடும். சில ஈரலைக் கெடுக்கும்.

பணத்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. அட்டை எடுக்க டிரஸ்ட் ஆபீஸில் உதவுகிறோம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் கொண்டு வாருங்கள். கட்டி என்று தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். ஆபீஸ் பூட்டியிருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், எந்த நேரமானாலும் சரி.

வஸ்ஸலாம்.