பறவைகள் தந்த சொற்கள்



பறவைப் பெயர்களால் அமைந்த சொற்கள் நம் மொழியில் மிகப் பல. அவற்றுள் மூன்றை மட்டும் இப்பத்தாம் ஆண்டு விழாவில் எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலாவது பருந்து. நன்னூல் கூறும் சூத்திர நிலைகளுள் ஒன்று ‘பருந்தின் வீழ்வு’. வகுப்புத் தேர்வொன்றில், ‘பருந்து விழுந்து மடிவதுபோல் பொருள் கெட்டுப்போவது’ என்று அதற்கு விளக்கம் எழுதியிருந்தாள் ஒரு மாணவி. சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள், “பருந்து இரை கவர்வதைக் கண்டவர் யார்?” என்று வகுப்பில் வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. உயரத்தே வட்டமிட்டு, சரேலென இறங்கி, வேண்டியதைக் கவர்ந்து அகலும் அக்காட்சியைக் காணாதவளுக்கு ‘வீழ்வு’ வீழ்ச்சியாகத்தானே தோன்றும்? பறவையைக் காட்டாமல் சொல்லை மட்டும் கற்பித்த பிழை என்னுடையது.

அடுத்தது கிளி. சொன்னதையே சொல்பவரைக் ‘கிளிப்பிள்ளை’ என்று இகழ்கிறோம். நன்னூலாரோ, மாணாக்கரை வகைப்படுத்துங்கால் பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை முதல் வரிசையிலும், கிளியை இடை வரிசையிலும் வைத்தார், கடையில் தள்ளினாரல்லர். என் மாணவி கிளியாகவும் இருக்கவில்லை. தானே பொருள் காண முயன்றாள். அடித்த மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பித் தந்தேன்.

மூன்றாவது காக்கை. முகமன் கூறிக் காரியம் முடிப்பதைக் ‘காக்காய் பிடித்தல்’ என்கிறோம். ‘கால் கை பிடித்தல்’ என்பதே அவ்வாறு மருவிற்று என்பாரும் உளர். எவ்வாறாயினும் பழி காக்கைக்கே! ஆனால், அதே பறவை சங்ககாலப் பெண்பாற் புலவர் ஒருவருக்குப் புகழ்ப்பெயர் தந்தது. விருந்தினர் வருகையைக் காக்கை கரைந்து உணர்த்தியதைக் குறுந்தொகையின் 210ஆம் பாடலில் பாடிய நச்செள்ளையார், ‘காக்கைபாடினியார்’ ஆனார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிச் சேர மன்னனிடம் பரிசில் பெற்றவரும் அவரே. வேந்தனைப் பாடியமையால் அன்று, முற்றத்துக் காக்கையைப் பாடியமையால் வந்த பெயரே அவருக்கு நிலைத்தது.

கவிஞர்களே, நாம் காணாத அன்னத்தின் நடையை எத்தனை முறைதான் எழுதுவது? நம் கூரைமேல் நாள்தோறும் காக்கை கரைகிறது. அதனைக் கண்ணாரக் கண்டு எழுதுங்கள். அடுத்த தலைமுறை மாணவி அச்சொல்லின் பொருளைப் பிழையின்றி உணர்வாள்.