கைநாட்டும் தொடுதிரையும்



சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் கிராணியார் எழுதிய தாளில் நம் முன்னோர் கைநாட்டு வைத்தனர். அதில் எழுதியிருந்தது என்னவென்று பலர் அறியார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தாள் போய்க் கைப்பேசித் திரை வந்தது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் கட்டத்தை இன்று விரலால் தொடுகிறோம். எதற்கு ஒப்பினோம் என்பதை இப்போதும் பலர் அறியார்.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பெற்று, 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. நம் பெயர், அடையாள அட்டை எண் முதலியவற்றைப் பெறும் வணிக நிறுவனம், அவை எதற்கு, யாருக்கு என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைதல் வேண்டும். தமிழில் தருவதை அது தடுக்கவில்லை, வலியுறுத்தவும் இல்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று.

கொடுத்த ஒப்புதலை எழுத்து வழியே திரும்பப் பெறலாம் என்கிறது நம் சட்டத்தின் 38ஆம் பிரிவு. அறியாதவருக்கு அவ்வுரிமை இருந்தும் இல்லாததே. மேலும், இச்சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. உதவி நாடி அரசு அலுவலகப் படி ஏறும் ஏழைக்கே இவ்விலக்கு மிகுதியாக உறைக்கும்.

இக்குறைகளை எடுத்துரைப்பவர் யார்? மருத்துவ மாணவர் மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைப் பார்ப்பதுபோல, சட்ட மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் மக்களுக்குக் கட்டணமின்றி உதவும் இடம் சட்டப் பயிற்சி மையம். அமெரிக்காவின் பெர்க்லிச் சட்டக் கல்லூரியில் 2001இல் தோன்றிய சாமுவேல்சன் மையம், தொழில்நுட்பச் சட்டத்தை இவ்வாறு பொதுநலனுக்காகக் கையாள்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் சட்டத்துறைகளும் இதில் கைகோத்தல் வேண்டும். ஒரு மையத்தின் கண்ணுக்கு ஒருவரின் முறையீடு மட்டுமே தெரியும். பல மையங்கள் கூடினால் பலரைப் பாதிக்கும் நடைமுறையே புலப்படும். அப்போதுதான் சட்டத் திருத்தம் கோரவும் இயலும்.

ஆனால், எந்தச் சொல்லால் மக்களிடம் பேசுவது? அங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. ஆசிரியர்களே, மாணவர்களே, கைப்பேசிச் செயலி ஒன்றின் அறிவிப்பை எடுத்து, பாட்டிக்கும் விளங்கும் தமிழில் ஒரு பக்கமாக எழுதுங்கள். பொருள் பிறழாமல் சட்ட மாணவர் சரிபார்க்கட்டும். தரவு, ஒப்புதல், விலக்கு என்னும் சொற்கள் அகராதியில் இருந்தால் போதாது. தோட்டத்து வீட்டுத் திண்ணைக்கும் வர வேண்டும். பொருள் அறிந்து தந்தால்தான் அது ஒப்புதல். இல்லையேல் அதுவும் கைநாட்டே.