பின்விளக்கு மங்கினால் பல்பின் மேல் பழி போடாதீர்கள்



நம் காரின் பின்விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்பது நமக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். அவரும் சொல்லப் போவதில்லை. தெம்பனிஸ் விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வது? ஹாரன் அடித்தால், 'இவனுக்கு என்ன அவசரம்' என்று முறைத்துவிட்டுப் போவோம்.

சோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடவும் முடியாது. சிங்கப்பூரில் 3 வயது நிறையாத காருக்குச் சோதனையே கிடையாது. 3 முதல் 10 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை. காக்கி புக்கிட்டில் சோதனையை முடித்துக்கொண்டு வெளியே வந்த மறுவாரமே விளக்கு கெடலாம். அடுத்த சோதனை வரை அது அப்படியே ஓடும்.

பார்ப்பதற்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதில்லை. நம் வட்டாரத்தில்தான் புளோக்குக்குப் பக்கத்திலேயே பல மாடிக் கார்ப்பேட்டை இருக்கிறதே. இரவில், சுவரையொட்டிய இடமாகப் பார்த்து, பின்பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு சிவப்புத் திட்டுகள் விழும். இரண்டும் ஒரே அளவா? இப்போது பிரேக்கை மிதியுங்கள். இரண்டும் சட்டென்று பல மடங்கு பிரகாசமாக வேண்டும், நடுவில் உள்ள மூன்றாவது விளக்கும் சேர்ந்துகொள்ள வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இடப்பக்கச் சிக்னலைப் போடுங்கள், பிறகு வலப்பக்கம். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒளிந்திருக்கும் கோளாறு அங்கேதான் மாட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கைப்பேசியைப் பின்னால் நிறுத்தி வீடியோ எடுத்தும் பார்க்கலாம். எல்இடி விளக்காக இருந்தால் வீடியோவில் துடிப்பதுபோல் தெரியலாம். அதற்காகப் பட்டறைக்கு ஓட வேண்டாம். பல எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. கேமராவுக்கு அது தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். பின்விளக்கு எரியாததற்கு ரொம்பச் சாதாரணமான காரணம், அதை யாரும் போடவில்லை என்பதே. புதிய கார்களில் முன்னால் பகல்நேர விளக்கு தானாக எரிகிறது, டேஷ்போர்டும் ஒளிர்கிறது, நம் ஊர்த் தெருவிளக்கு வெளிச்சமோ கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநருக்குக் குறையொன்றும் தெரியாது. ஆனால் பல கார்களில் பகல்நேர விளக்கு முன்பக்கம் மட்டும்தான், பின்னால் ஒரே இருட்டு. அப்படியே காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். 'ஆட்டோ' என்ற நிலையில் விளக்குச் சுவிட்சை வைத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

சரி, விளக்கைப் போட்டும் மங்கலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எல்இடி இல்லாத கார்களில் இருப்பது பெரும்பாலும் இரட்டை இழை பல்பு. அடியில் 21/5 வாட் என்று பொறித்திருப்பார்கள். ஒரே கண்ணாடிக்குள் 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஐநா வாகன விதிகளில் பின்விளக்குக்குக் குறைந்தபட்ச ஒளி 4 கேண்டலா, பிரேக் விளக்குக்கு 60. பின்னால் வருபவரின் கண் பார்த்துக்கொண்டிருப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். அதனால் என்னைக் கேட்டால், பின்விளக்கு ஒன்று அணைந்துபோவதைவிடப் பிரேக் விளக்கு மங்கிப்போவதுதான் மோசம். எரிகிற மாதிரியே இருக்கும், ஆனால் கார் நிற்கப்போகிறது என்ற சேதி போய்ச் சேராது.

விளக்கு அடியோடு அணைந்திருந்தால் இழை அறுந்திருக்கும், இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. மங்கலாக எரிவது வேறு சங்கதி. பழைய பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்துப்போய் ஒளி கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பாதியாகிவிடாது. அப்படிக் குறைந்தால் குற்றவாளி பல்பு அல்ல, பெரும்பாலும் எர்த்.

மின்சாரம் பல்புக்கு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி காரின் உடல்தகடுதான், அதைத்தான் எர்த் என்கிறோம். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தாலும் தொட்டியின் போக்குத்துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும்.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். பல்பை மாற்றி மாற்றிச் சலித்துப்போன ஒருவர் காரைக் கொண்டுவந்திருந்தார். ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோகும் தமிழ்ப் பையன்தான் மெக்கானிக். பின்பெட்டியின் உள்விரிப்பை ஒதுக்கி, பிளாஸ்டிக் நட்டுகளைக் கையாலேயே கழற்றி, விளக்குக் கூட்டை வெளியே இழுத்தார். சாக்கெட்டைக் கால் சுற்றுத் திருப்பி எடுத்தார். உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு. "அண்ணே, பல்பு மேல தப்பு இல்ல. எர்த் புடிக்கல" என்றார். ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையைச் சாக்கெட்டின் எர்த் தகட்டிலும் மறுமுனையைப் பின்பெட்டித் தாழ்ப்பாளின் போல்ட்டிலும் வைத்தார். அதுவரை அழுது வடிந்துகொண்டிருந்த விளக்கு குப்பென்று எரிந்தது. வயரை எடுத்தார், மறுபடி மங்கியது. காரின் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்தக் களிம்பு எங்கிருந்து வருகிறது? ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது. விளக்குக் கூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகினால் ஈரம் உள்ளே போகும். ஈரம் போன இடத்தில் பித்தளை பச்சையாகும், இரும்புத் தகடு துருவாகும்.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். அந்த எர்த்தில் வெறும் ஒரு ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 5 வாட் பின்விளக்கு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்தால் 21 வாட் இழை ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கிறது. இப்போது அந்த ஒரு ஓம், 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். இழை பல்பின் ஒளி வோல்ட் குறைவதைவிட வேகமாகக் குறையும். எட்டில் ஒரு பங்கு வோல்ட் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி போய்விடும். பிரேக்கோடு சிக்னலையும் போடச் சொன்னது இதற்காகத்தான். சுமை கூடினால்தான் நோய் வெளியே வரும். சரியான எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்து இழை வழியாக வேறு பாதை தேடி ஓடும். பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் விளக்கு மங்கலாகக் கனன்றாலும், சிக்னலுக்கு ஏற்பப் பின்விளக்கு விம்மி விம்மி எரிந்தாலும், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் ஓம் அளந்து ஏமாற வேண்டாம். விளக்கும் பிரேக்கும் எரியும்போதே வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதைச் சாக்கெட்டின் எர்த்திலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் களிம்பைச் சுரண்டித் துடைத்து, எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் தகடு பளபளக்கத் தேய்த்து இறுக்க வேண்டும். எர்த் சரியாக இருந்தும் மங்கினால், சப்ளை வயரைப் பாருங்கள். பின்கதவு திறக்கும் கார்களில் கதவுக் கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர், திறந்து மூடி மடங்கியே உள்ளுக்குள் அறுந்திருக்கும்.

முன்விளக்கும் சேர்ந்து மங்கினால் அது பேட்டரி, ஆல்டர்னேட்டர் சமாசாரம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பிரேக் விளக்கு அணையவே மாட்டேன் என்றால், பிரேக் மிதியின் அடியில் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் கிடக்கின்றனவா என்று கால்விரிப்பில் தேடுங்கள். சுவிட்சைத் தொடும் பிளாஸ்டிக் பொத்தான் காலப்போக்கில் உதிர்ந்துவிடுவது உண்டு.

எல்இடி பின்விளக்கின் பெருமை, இழை பல்பைவிட ஏறத்தாழ 0.2 வினாடி முன்னதாக எரிவது. 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 5 மீட்டர் தூரம். ஆனால் பழைய சாக்கெட்டில் கடையில் விற்கும் எல்இடி பல்பைச் செருகினால் அந்தப் பெருமை வந்துவிடாது. உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் இழையின் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் தாறுமாறாகச் சிதறும். காரின் கணினியும், மின்சாரம் குறைவாக இழுக்கிறதே என்று, பல்பு போய்விட்டதாக எச்சரிக்கலாம்.

தொழிற்சாலையிலேயே எல்இடி வைத்த கார்களில் ஒரு வரிசை அணைந்தால் பொதுவாக முழுக் கூட்டையும் மாற்றச் சொல்வார்கள். செலவு சின்னதல்ல. முழுவதும் மங்கலாக இருந்தால் மட்டும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். விளக்கின் இணைப்பைக் கழற்றாமல், எரிந்துகொண்டிருக்கும்போதே அங்கே எத்தனை வோல்ட் வருகிறது, எர்த்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்து, அப்போதும் மங்கினால், கூட்டை மாற்றலாம்.