கொடுத்த கிளையே தழைக்கிறது

(ஜும்ஆ உரை)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார் மீதும், அருமைத் தோழர்கள் மீதும், அவர்களின் அடிச்சுவட்டைப் பின்பற்றி வாழும் நல்லடியார்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

 

மழைக்காலம் நெருங்கி வருகிறது. கோடையில் காய்ந்து கிடந்த மண் ஈரத்திற்காகக் காத்திருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் ரோஜாக் கிளையையும், மல்லிகைக் கொடியையும், மருதாணிக் கம்பையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பருவம் இது. செடி வைப்பதைப் பற்றி மிம்பரில் நின்று பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை உணர்ந்த பிறகே இன்று இதைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன்.

வித்தைப் பிளப்பவன்

அல்லாஹு தஆலா தன் வல்லமையை நமக்கு எடுத்துக்காட்டும்போது அடிக்கடி தாவரங்களின் பக்கமே நம் பார்வையைத் திருப்புகிறான். வித்தையும் பேரீத்தங்கொட்டையையும் பிளந்து முளைக்கச் செய்பவன் தானே என்று அல்அன்ஆம் சூராவின் 95ஆம் வசனத்தில் கூறுகிறான். நீங்கள் விதைப்பதை முளைக்கச் செய்வது நீங்களா, நாமா என்று அல்வாகிஆ சூராவில் வினவுகிறான். அர்ரஅத் சூராவின் 4ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. அருகருகே அமைந்த நிலங்கள். அவற்றில் திராட்சைத் தோட்டங்கள், பயிர்கள், ஒரே வேரிலிருந்து கிளைத்த பேரீச்ச மரங்கள், தனித்து நிற்கும் மரங்கள். அனைத்திற்கும் பாய்வது ஒரே தண்ணீர், சுவையோ வெவ்வேறு. சிந்திக்கும் சமுதாயத்திற்கு இதில் அத்தாட்சிகள் உண்டு என்று அந்த வசனம் நிறைவு பெறுகிறது.

ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனும் செய்தியைத் தோட்டம் அறிந்தவர் நன்கு விளங்கிக்கொள்வார். பேரீச்சையைக் கொட்டையிலிருந்து வளர்த்தால் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிவிடும். பெண் மரங்களின் கனியும் தாய் மரத்தின் கனியைப் போல் இராது. தாய் மரத்தின் அடியிலிருந்து கிளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால், தாயின் குணமும் சுவையும் அப்படியே அதில் வரும். ஆகவேதான் அரபுகள் பக்கக் கன்றையே நட்டு வந்தனர்.

முன்னூறு கன்றுகள்

ஹழ்ரத் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். பாரசீகத்தில் பிறந்து, சத்தியத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஈற்றில் மதீனாவில் அடிமையாக விற்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த அடிமைத்தனத்தின் காரணமாகவே பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ளும் பாக்கியத்தை இழந்தார்கள். விடுதலைக்கு எஜமான் கேட்ட விலை 300 பேரீச்சங்கன்றுகளும் 40 ஊக்கியா தங்கமும் ஆகும்.

சகோதரருக்கு உதவுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் 30 கன்று கொண்டு வந்தார், மற்றவர் 20, இன்னொருவர் 15, வேறொருவர் 10. அவரவர் தோட்டத்துக் கன்றுகள் சேர்ந்து 300 ஆயின. ஸல்மான் (ரலி) அவர்கள் குழி தோண்டினார்கள். இரு உலகத் தலைவராகிய நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் முபாரக்கான கரத்தால் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே கூறியதாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

சிந்தியுங்கள் சகோதரர்களே! ஒரு மனிதரின் அடிமை விலங்கை உடைத்தெறிந்ததில் பலருடைய தோட்டத்துக் கன்றுகளுக்கும் பங்குண்டு. பத்துக் கன்று கொடுத்தவர் அதைச் சிறிது என எண்ணி வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடவில்லை.

அறிந்து செய்தல்

மதீனாவாசிகள் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்ப்பது வழக்கம். இதனால் பயன் இருக்கும் எனத் தாம் கருதவில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை கூறியதைக் கேட்டு மக்கள் அதை விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. அப்போது, உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அனுபவ அறிவுக்கு மார்க்கம் எவ்வளவு மதிப்பளித்திருக்கிறது பாருங்கள்! 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலிய்யா நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்னும் அறிஞர் 'கிதாபுல் ஃபிலாஹா' எனும் பெருநூலில் 585 வகைத் தாவரங்களைப் பற்றியும், பதியமிடுவது, ஒட்டுக்கட்டுவது பற்றியும் விரிவாக எழுதியது இந்த மரபில் வந்ததே.

ஆகவே செடி வைப்பவர் முறையறிந்து வைக்க வேண்டும். பன்னீர் ரோஜாவைக் கிளையிலிருந்தே வளர்க்கலாம். பூத்து முடிந்த, முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளையை ஆறு முதல் எட்டு அங்குல நீளத்திற்கு வெட்ட வேண்டும். மூன்று நான்கு கணுக்கள் அதில் இருக்க வேண்டும். கீழ் வெட்டு கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாக அமையட்டும். அடி இலைகளை நீக்கி, இரு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் ஊன்றி, நிழலில் வைக்க வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிளை அழுகிவிடும். வேர் பிடித்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்க்கும் அவசரம் மட்டும் கூடாது. இலை துளிர்த்தாலும் வேர் வந்துவிட்டது என்று பொருளல்ல; கிளையில் தேங்கிய சத்தைக் கொண்டே அது துளிர்த்திருக்கலாம். வேர் நிலைக்க மூன்று முதல் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். செம்பருத்தி, மருதாணி போன்றவையும் இவ்வாறே வளரும். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடலாம்.

அடியிலிருந்து எழும் கிளை

நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படும் பெரிய பூ ரோஜாக்களில் பல, ஒட்டுச் செடிகள். உறுதியான வேருள்ள காட்டு இனத்தின் தண்டில் நல்ல இனத்தின் மொட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். சில காலத்திற்குப் பின் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு கிளை செழிப்பாக மேலெழும். விவரம் அறியாதவர், செடி நன்றாக வளர்கிறது என்று மகிழ்வார். அதுவோ அடித்தண்டின் கிளை. நீக்காமல் விட்டால் வேரின் வலிமை முழுவதையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஒட்டிய நல்ல இனம் மெலிந்து மடியும். வெளிப்பார்வைக்குச் செடி பச்சையாகத்தான் இருக்கும்; எதிர்பார்த்த மலர் மட்டும் வராது.

நம் நஃப்ஸும் இத்தகையதே. ஈமான் எனும் உயர்ந்த ஒட்டு நம்மில் வைக்கப்பட்டிருக்கிறது. அடியிலிருந்து பெருமையும் பொறாமையும் தழைத்தெழும்போது அதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாந்துவிடுகிறோம். வேரோடு ஒட்டிய இடத்திலேயே அதைக் கிள்ளி எறியாதவனின் தொழுகையும் நோன்பும் பச்சையாகத் தெரியலாம்; மலர் இருக்காது. அல்லாஹ் நம்மைக் காப்பானாக!

கவாத்தும் முள்ளும்

ரோஜாவுக்குக் கவாத்து செய்தால்தான் புதுக் கிளை வரும். புதுக் கிளையில்தான் பூ வரும். ஆனால் வெட்டிய முள் கிளைகளை எங்கே போடுகிறோம்? பாதை ஓரத்தில் வீசிவிடுகிறோம். மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளைகளின் கால்கள் அந்த வழியே நடக்கின்றன. பாதையில் கிடந்த முட்கிளை ஒன்றை அகற்றிய மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பு அருளினான் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. அகற்றியவருக்கு மன்னிப்பு என்றால், கொண்டுபோய்ப் போட்டவரின் நிலை என்ன?

மற்றொன்று, அடுத்தவர் வேலியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் கேட்காமல் ஒடிப்பது. ஒரு குச்சிதானே என்கிறோம். பொய்ச் சத்தியத்தால் ஒரு முஸ்லிமின் உரிமையைப் பறித்தவனுக்கு நரகம் உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அது அற்பமான பொருளாக இருந்தாலுமா என்று கேட்கப்பட்டது. அராக் மரத்தின் ஒரு குச்சியாக இருந்தாலும் சரியே என்று பதிலளித்தார்கள் என முஸ்லிமில் காண்கிறோம். குச்சிக்கும் கணக்குண்டு என்பது இதிலிருந்து விளங்கவில்லையா? கேட்டு வாங்குங்கள். கேட்டவருக்கு மறுக்காதீர்கள். ஏழைகளுக்குப் பங்கு போய்விடக் கூடாதென்று விடியற்காலையிலேயே அறுவடை செய்யச் சத்தியமிட்ட தோட்டக்காரர்களின் கதி என்னவாயிற்று என்பதை அல்கலம் சூராவில் படியுங்கள். அவர்கள் உறங்கிய இரவிலேயே தோட்டம் அழிந்துவிட்டது.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் தேவை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லிட்டருக்கும் குறைவானதே. நாமோ குழாயைத் திறந்துவிட்டு உலகக் கதை பேசுகிறோம். ஃபர்ளான உளூவில் பயன்பட்ட நீரால் மீண்டும் உளூச் செய்ய இயலாது. ஆனால் அது சுத்தமான நீரே. அதைச் சாக்கடையில் விடாமல் செடியின் அடிக்குத் திருப்பினால் என்ன?

என் தாயாரின் ரோஜா

சகோதரர்களே! என்னுடைய தவறு ஒன்றையும் உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

மர்ஹூமா என் தாயார் கிணற்றடியில் ஒரு பன்னீர் ரோஜாவை வளர்த்து வந்தார்கள். யார் வந்து கேட்டாலும் ஒரு கிளை வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள். முஸ்லிம் வீடு, மாற்று மதத்தவர் வீடு என்ற வேறுபாடு அதில் இல்லை. அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த நான் விடுமுறையில் வந்தபோது, "உம்மா, இந்த நேரத்தில் நாலு தஸ்பீஹ் ஓதலாமே" என்று சொன்னேன். கிதாபு ஓதிய பிள்ளை சொல்கிறான் என்று அவர்கள் பதில் பேசவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் உதடுகள் அசைந்துகொண்டுதான் இருந்தன என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

அவர்கள் வஃபாத்தான பின் வீட்டைப் பூட்டிக்கொண்டு பணிபுரியும் ஊருக்குத் திரும்பினேன். செடியைப் பற்றி யாரிடமும் சொல்லி வரவில்லை. கோடை கழிந்து வந்து பார்த்தபோது கிணற்றடியில் காய்ந்த முட்குச்சி மட்டும் நின்றது. தாயார் விட்டுச்சென்ற உயிருள்ள ஒரு பொருளைக்கூடக் காக்கத் தெரியாதவனாகிவிட்டேனே என்று அந்தக் கல்லில் அமர்ந்து அழுதேன்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு தொட்டியோடு வந்தாள். "ஹஜ்ரத், இது நன்னி கொடுத்த செடியிலிருந்து வெட்டி வைத்தது. எங்க உம்மா கொடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றாள். பிறகு விசாரித்தபோது, அத்தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் அந்த ரோஜா பூத்துக்கொண்டிருந்தது. கிளையிலிருந்து வளர்ந்த செடி தாய்ச் செடியின் குழந்தைகூட அல்ல, அதே செடியேதான். நாங்கள் வைத்துக்கொண்டது பட்டுப்போயிற்று. என் தாயார் கொடுத்துவிட்டது தழைத்து நிற்கிறது.

திர்மிதியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அப்போது என் நெஞ்சில் வந்து நின்றது. ஓர் ஆட்டை அறுத்துத் தர்மம் செய்துவிட்டார்கள். என்ன மீதம் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தோள்பகுதி மட்டுமே மீதம் என்று அன்னை கூற, அந்தத் தோள்பகுதியைத் தவிர மற்ற அனைத்தும் மீதமாகிவிட்டது என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பலமுறை ஓதிக்கொடுத்த ஹதீஸ்தான். அன்றுதான் அதன் பொருளை என் தாயாரிடம் படித்தேன்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. நறுமணச் செடி கொடுக்கப்பட்டால் மறுக்க வேண்டாம்; அது சுமப்பதற்கு இலகுவானது, மணம் நல்லது என்ற கருத்திலும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்தத் தொட்டிச் செடியை நான் மறுக்கவில்லை. பள்ளிவாசல் ஹவுளின் நீர் வடியும் இடத்தில் அதை நட்டிருக்கிறேன்.

எல்லை மீறாதிருப்போம்

இவ்வளவும் சொன்ன பின் ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஹழ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்கள் தம் தோட்டத்தில் தொழுதுகொண்டிருந்தபோது, அடர்ந்த மரங்களுக்கிடையே வழி தேடிப் பறந்த ஒரு பறவையின் பின்னே பார்வை சென்றது. எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதை மறந்துவிட்டார்கள். உடனே நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று அத்தோட்டத்தையே தர்மமாக அளித்துவிட்டார்கள் என முவத்தாவில் வந்துள்ளது. தோட்டம் நம்மை ரப்பிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ரப்பை மறக்கடிக்கக் கூடாது. பாங்கு ஒலித்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

கியாமத் நெருங்கி, உங்களில் ஒருவர் கையில் கன்று இருக்குமானால், நட இயன்றால் அவர் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்றார்கள். நிழலும் கனியும் காண வழியில்லாத வேளையிலும் நடச் சொன்னார்கள் என்றால், மழை காத்திருக்கும் இந்த நாளில் நமக்கென்ன தடை? இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கிளையாவது அடுத்த வீட்டுக்குச் செல்லட்டும். பேசாமல் இருக்கும் அண்டை வீடு இருந்தால் அங்கேயே முதல் கிளை செல்லட்டும்.

வல்ல ரஹ்மான் நம் கைகளால் நடப்படுபவற்றில் பரக்கத் செய்வானாக! நம் பெற்றோர் கொடுத்துச் சென்றவற்றின் நன்மைகளை அவர்களின் கப்ருகளுக்குச் சேர்த்தருள்வானாக! அவர்களின் கப்ருகளைச் சுவனப் பூங்காவாக ஆக்குவானாக! நம் இதயங்களில் ஈமானின் மரத்தை வேரூன்றச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.