பத்து செகண்டுக்கு ஒரு மூச்சு: சீகுங் உடம்புக்குள்ள என்ன செய்யுது?

தலைப்பைப் பார்த்ததும் சில பேர் "ஓ, ஆரா, சக்கரம், பிரபஞ்ச சக்தி எபிசோடா?"ன்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. இன்னைக்குப் பேசப்போறது நுரையீரல், இதயம், ரத்தக்குழாய், கொஞ்சம் மூளை. சீனாவோட மூச்சுப் பயிற்சியான சீகுங் செய்யும்போது இந்த இடங்கள்ல என்ன நடக்குதுங்கிறதுதான் விஷயம்.

ஏன் இந்தத் தலைப்பு? ஒரு லிஸனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட அப்பா சில வருஷமா பிபி மாத்திரை சாப்பிடுறவர். மூணு மாசமா ஆன்லைன்ல ஒரு சீகுங் வகுப்பு போறார். வகுப்பு முடிஞ்ச உடனே வீட்டு மெஷின்ல பிபி பார்க்கிறார். நல்லா குறைஞ்சிருக்கு. இப்போ "மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன்"ங்கிறார். பையன் கேட்கிறார்: "அந்த நம்பர் பொய்யா ப்ரோ?"

நம்பர் பொய் இல்லை. ஆனா அது எந்தக் கேள்விக்கான பதில்னு புரிஞ்சுக்கணும். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எஞ்சினியர். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில, ஒரு சிஸ்டத்தைப் பிரிச்சுப் பார்க்கிற மாதிரி பார்ப்போம்.

பேர் புதுசு, பழக்கம் பழசு

சீன மொழியில "ச்சீ"ன்னா மூச்சு, காற்று, ஆவி. "குங்"ன்னா பழகிப் பழகி வர்ற திறமை. குங்ஃபூல இருக்கிற அதே குங்தான்.

1973ல சாங்ஷா நகரத்துல, மாவாங்துய்ங்கிற இடத்துல, கி.மு. 168ல மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினாங்க. உள்ளே பட்டுத்துணியில ஒரு ஓவியம். கையைத் தூக்கி, குனிஞ்சு, உடம்பை வளைச்சு நிக்கிற 44 உருவங்கள். "தாவ்யின்"னு சொல்ற அந்தப் பயிற்சி சீகுங்கோட முன்னோடி.

உடனே நம்ம ஊர்ல ஒரு கேள்வி வரும்: "இதை போதிதர்மர்தானே கொண்டுபோனாரு?" '7ஆம் அறிவு' பார்த்து வளர்ந்த தலைமுறைதானே நாம. போதிதர்மர் சீனா போனதா சொல்றது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுல. அந்தப் பட்டு ஓவியம் அதுக்கு 550 வருஷத்துக்கும் மேல முன்னாடி. அவர் எழுதினதா சொல்ற 'யீஜின்ஜிங்' நூலையும் 17ஆம் நூற்றாண்டுதான்னு வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. நமக்குப் பிராணாயாமம் இருக்கு, அவங்களுக்கு இது. ரெண்டு பேரும் மூச்சைக் கவனிச்சிருக்காங்க. அவ்வளவுதான்.

"சீகுங்"ங்கிற பேரை எல்லாப் பயிற்சிக்கும் பொதுப்பேரா பரப்பினது 1950கள்ல லியு குய்ஜென்ங்கிற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர். மூச்சுப் பயிற்சியால தன்னோட அல்சர் சரியாச்சுன்னு சொன்னவர். ஆன்மிக வாசனையெல்லாம் எடுத்துட்டு, சானடோரியத்துல நோயாளிகளுக்குக் கொடுக்கிற சிகிச்சையா அதை மாத்தினார்.

1980கள்ல சீனாவுல இது ஒரு அலையா அடிச்சது. கையை நீட்டினா "ச்சீ" பாய்ஞ்சு தூரத்துல இருக்கிறவங்களுக்கு நோய் குணமாகும்னு சொன்ன மாஸ்டர்கள் ஸ்டேடியத்தை நிரப்பினாங்க. சீனாவோட ராக்கெட் திட்டத்தோட தந்தைன்னு சொல்ற சியென் சுயெசென்னே இதுக்கு ஆதரவு கொடுத்தார். பெரிய மூளை இருந்தா தப்பான முடிவுக்குப் போக மாட்டோம்னு எந்த கேரன்டியும் இல்லை.

சரி, செஷனுக்கு வருவோம்

இன்னைக்கு ரொம்பப் பரவலா இருக்கிறது பாதுவான்ஜின். "எட்டுப் பட்டுத் துண்டுகள்"னு அர்த்தம். எட்டு அசைவு, நின்னுக்கிட்டே செய்யலாம். பொதுவா கை மேல போகும்போது மூச்சு உள்ளே, கீழ வரும்போது வெளியே. மெதுவா, வயிறு அசையுற மாதிரி.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம நிமிஷத்துக்கு 12லிருந்து 20 தடவை மூச்சு விடுறோம். அசைவு மெதுவாகும்போது மூச்சும் மெதுவாகுது. நல்லா பழகினவங்களுக்கு நிமிஷத்துக்கு ஆறு பக்கம் வந்துடும். அதாவது பத்து செகண்டுக்கு ஒரு மூச்சு. இந்த ஆறுங்கிற நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க.

நுரையீரல்: ஹெடர் கணக்கு

ஒரு சாதாரண மூச்சு கிட்டத்தட்ட 500 மில்லி. அதுல 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்லயே நின்னுடும். ரத்தத்தோட வாயுவை மாத்திக்கிற இடத்துக்குப் போகாது. இதுக்குப் பேர் டெட் ஸ்பேஸ். நெட்வொர்க் தெரிஞ்சவங்களுக்கு ஈஸி: ஒவ்வொரு பாக்கெட்லயும் ஹெடர் ஓவர்ஹெட் மாதிரி.

நிமிஷத்துக்கு 12 மூச்சு, ஒவ்வொண்ணும் 500 மில்லின்னா மொத்தம் 6 லிட்டர். ஹெடரைக் கழிச்சா உள்ளே போய்ச் சேர்றது 4.2 லிட்டர். இப்போ 6 மூச்சு, ஒவ்வொண்ணும் 1000 மில்லி. அதே 6 லிட்டர்தான், ஆனா போய்ச் சேர்றது 5.1 லிட்டர். சின்ன பாக்கெட் நிறைய அனுப்புறதை விட பெரிய பாக்கெட் கொஞ்சமா அனுப்புறது லாபம்.

இதை வச்சு "அதிக ஆக்ஸிஜன் கிடைக்கும்"னு சொல்லிடுவாங்க. ஆரோக்கியமா இருக்கிறவங்க ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல. ஃபுல் ஆன டேங்க்ல இன்னும் எவ்வளவு ஊத்த முடியும்? உண்மையான லாபம், அதே வேலையைக் கம்மியான காத்துல முடிக்கிறதுதான்.

"மூச்சை தொப்புளுக்குக் கீழே தான்தியன் வரைக்கும் கொண்டுபோ"ன்னு சொல்லுவாங்க. காத்து அங்கே போகாது. உதரவிதானம் கீழே இறங்கி வயித்து உறுப்புகளைத் தள்ளுது, வயிறு முன்னாடி வருது. ஆனா அந்த இன்ஸ்ட்ரக்ஷன் வேலை செய்யுது. தோளைத் தூக்கி மேல் நெஞ்சுல மூச்சு விடுறவங்களை சரியான தசைக்குக் கொண்டுவந்துடுது. உடற்கூறு தப்பு, கோச்சிங் சரி.

இதயம்: ஊஞ்சல் தள்ளுற நேரம்

இப்போ மணிக்கட்டுல விரல் வச்சு நாடி பாருங்க. மெதுவா மூச்சு இழுங்க, துடிப்பு கொஞ்சம் வேகமாகும். வெளியே விடுங்க, மெதுவாகும். 1847லயே கார்ல் லுட்விக்ங்கிற ஜெர்மன் உடலியல் அறிஞர் இதைப் பதிவு பண்ணிட்டார். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடுது, இழுக்கும்போது பிரேக்ல இருந்து காலை எடுக்குது. வெளிமூச்சை நீட்டினா பிரேக்ல கால் இருக்கிற நேரமும் நீளுது.

இதுக்கு மேல ஒரு லூப் இருக்கு. கழுத்து ரத்தக்குழாய்லயும் இதயத்துக்கு மேல இருக்கிற பெருந்தமனியிலயும் பிரஷர் சென்சார்கள் இருக்கு. பிரஷர் ஏறினா மூளைக்குச் சொல்லும்; மூளை துடிப்பைக் குறைக்கும், குழாயைத் தளர்த்தும். அக்மார்க் ஃபீட்பேக் லூப். எந்த லூப்லயும் இருக்கிற மாதிரி இதுலயும் தாமதம் உண்டு. துடிப்பு உடனே மாறும்; ரத்தக்குழாய் மாற சில செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தால இந்த லூப்புக்குன்னு சொந்தமா ஒரு தாளம் வருது. ஏறக்குறைய பத்து செகண்டுக்கு ஒரு சுத்து, அதாவது 0.1 ஹெர்ட்ஸ்.

பத்து செகண்டுக்கு ஒரு மூச்சு! ஊஞ்சல் திரும்பி வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா சின்னத் தள்ளுக்கே உயரமா ஆடும்ல, அதேதான். நிமிஷத்துக்கு ஆறு மூச்சுல துடிப்போட ஏற்ற இறக்கம் பெருசாகுது, சென்சார் லூப்போட உணர்திறன் கூடுது.

இது சீகுங்குக்கு மட்டும் சொந்தமான சங்கதி இல்லை. 2001ல லுச்சியானோ பெர்னார்டிங்கிற இத்தாலிய மருத்துவர் குழு 23 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வெளியிட்டாங்க. ஜெபமாலையை லத்தீன்ல சொல்ல வச்சாங்க, "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரத்தையும் சொல்ல வச்சாங்க. ரெண்டுலயும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு பக்கம் வந்தது, ரெண்டுலயும் அந்த லூப்போட உணர்திறன் கூடிச்சு. மதம் வேற, மொழி வேற, தாளம் ஒண்ணு.

கையில ஓடுற கரன்ட்

"பொய் சொல்லாதீங்க ப்ரோ, எனக்கு உள்ளங்கையில ச்சீ ஓடுறது தெரியுது"ன்னு சொல்றவங்க இருப்பீங்க. நம்புறேன். உணர்வு நிஜம். ஆனா அதுக்கு ரெண்டு வெவ்வேறு காரணம் இருக்கலாம்.

ஒண்ணு, கை கதகதப்பாகிறது. டென்ஷன் குறையும்போது விரல்கள்ல இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் விரியும், சூடான ரத்தம் அதிகமா வரும். நல்ல விஷயம்.

இன்னொண்ணு, சுறுசுறுன்னு ஊசி குத்துற மாதிரி, உதட்டைச் சுத்தி மரத்துப்போற மாதிரி, கூடவே தலை லேசா சுத்துறது. இது நேர் எதிர். தேவைக்கு மேல மூச்சு வாங்கிட்டீங்க. ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு, மூளைக்குப் போற குழாய்கள் சுருங்குது, ரத்தத்துல கால்சியம் நிலையும் மாறி நரம்புகள் சீண்டப்படுது. பேனிக் அட்டாக்ல வர்றதும் இதேதான். மாஸ்டர் ரெண்டையும் "ச்சீ வந்துடுச்சு"ன்னு சொல்லுவார். உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது வந்தா இன்னும் ஆழமா இழுக்காதீங்க, மூச்சைச் சின்னதாக்குங்க.

மூளைப் பக்கம் ஒரு வரி. மூச்சுத் தாளத்தை உருவாக்குற ஒரு சின்ன நரம்புக்கூட்டம் மூளைத்தண்டுல இருக்கு. அதுல ஒரு வகை செல், விழிப்பையும் பதற்றத்தையும் கூட்டுற பகுதிக்கு நேரா லைன் போட்டிருக்குன்னு 2017ல எலிகள்ல கண்டுபிடிச்சாங்க. அந்த செல்களை நீக்கினதும் எலிகள் அமைதியாயிடுச்சு. மூச்சுக்கும் மனசுக்கும் வயரிங் இருக்குங்கிறதுக்கு நல்ல தடயம். எலியில பார்த்ததுங்கிறதையும் மறந்துடக் கூடாது.

இப்போ அந்த நம்பர்

அப்பாவோட பிபிக்கு வருவோம். மெதுவா மூச்சு விட்டு முடிச்ச உடனே பிபி குறையறது நிஜம். மேல சொன்ன லூப்தான் காரணம். ஆனா சர்வரை ரீஸ்டார்ட் பண்ணின அடுத்த நிமிஷம் லோட் பார்த்துட்டு "சர்வர் சூப்பரா இருக்கு"ன்னு ரிப்போர்ட் எழுதுவீங்களா? சாயங்காலம் பீக் டிராஃபிக்ல என்ன ஆகுதுன்னு பார்க்கணும்ல?

பிபியால ரத்தக்குழாய்க்கு வர்ற சேதம், நாள் முழுக்க, வருஷக்கணக்கா இருக்கிற அழுத்தத்தால வர்றது. வகுப்பு முடிஞ்ச அந்த ஒரு ரீடிங் மீதி 23 மணி நேரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. தொடர்ந்து செய்றவங்களுக்குச் சராசரி பிபியும் ஓரளவு குறையுதுன்னு சீனாவுல நிறைய ஆய்வுகள் சொல்லுது. ஆனா பல ஆய்வுகள் சின்னவை. சீகுங் செய்றவங்களுக்குத் தாங்க சீகுங்தான் செய்றோம்னு தெரியும், டம்மி மாத்திரை மாதிரி இதுல மறைக்க முடியாது. அதனால இதை மாத்திரையோட சேர்த்து வச்சுக்கிற துணையா பார்க்கலாம். மாத்திரைக்குப் பதிலா இல்லை.

பிபி ஏறியிருந்தா பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. "நான் நல்லாத்தான் இருக்கேன்"ங்கிறது அளவீடு இல்லை. சில வகை மாத்திரைகளைத் திடீர்னு நிறுத்தினா பிபி முன்னைவிட எகிறும்.

அதனால தம்பி, அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. "வகுப்பை விடாதீங்கப்பா, டேட்டாவை மட்டும் சரியா எடுப்போம்"னு சொல்லுங்க. ஒரு வாரம், காலையும் சாயங்காலமும், பயிற்சிக்கு முன்னாடி, மாத்திரையை வழக்கம்போல சாப்பிட்டுக்கிட்டே. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்து, ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு ரீடிங். அந்தக் குறிப்போட டாக்டரைப் பாருங்க. 24 மணி நேரமும் அளக்கிற மெஷினும் இருக்கு, தேவைன்னா அவர் சொல்லுவார். நம்பர் நிஜமாவே குறைஞ்சிருந்தா டோஸைக் குறைக்கிறதும் அவர் வேலைதான்.

ஸ்மார்ட்வாட்ச் கட்டின நமக்கும் இதே பாடம். மூச்சை மெதுவாக்கினதும் எச்ஆர்வி எகிறும். ஊஞ்சல் பெருசா ஆடுது, அதனால நம்பர் பெருசாகுது. அஞ்சு நிமிஷத்துல உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. தூங்கும்போது எடுத்த நம்பரை மாசக்கணக்குல பாருங்க.

செய்றதுக்கு முன்னாடி

உட்காருங்க. நாலு செகண்ட் மூக்கு வழியா உள்ளே, ஆறு செகண்ட் வெளியே. அஞ்சு நிமிஷத்துல முப்பது மூச்சு. ரொம்ப ஆழம் வேண்டாம், மெதுவா இருந்தா போதும். ராத்திரி ஆன்-கால்ல அலர்ட் அடிச்சு, சரி பண்ணிட்டு, திரும்பப் படுத்தா தூக்கம் வராதே, அந்த நேரத்துக்கு நான் செய்றது இதுதான்.

மூச்சை அடக்கி முக்காதீங்க, அது பிபியை ஏத்தும். வண்டி ஓட்டும்போது வேண்டாம். ஆஸ்துமா, இதயப் பிரச்சனை, கர்ப்பம்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. மனநலப் பிரச்சனை இருந்தவங்க நாள் முழுக்க நடக்கிற தீவிர முகாம்களுக்கு யோசிச்சுப் போங்க. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடான டிஎஸ்எம், 1994 பதிப்புல, சீகுங்கால வர்ற மனச்சிதைவு மாதிரியான நிலையைத் தனியாவே பட்டியல்ல சேர்த்தது. சீனாவுலயும் இதுக்குப் பழைய பேர் உண்டு. அஞ்சு நிமிஷம் மூச்சு விடுறவங்க இதுக்குப் பயப்பட வேண்டாம்.

"ச்சீ" இருக்கா இல்லையாங்கிற சண்டைக்கு நான் வரலை. வேகஸ் நரம்பும் உதரவிதானமும் ஒரு சென்சார் லூப்பும் சேர்ந்து ஆடுறதே எனக்குப் போதுமான ஆச்சரியம். உங்க வீட்ல யாராவது மூச்சுப் பயிற்சியை நம்பி மாத்திரையைக் குறைக்கிறாங்கன்னா, இந்த எபிசோடை இன்னைக்கே அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.